முடிவும் முறையீடும்: ஒரு தொலைக்காட்சித் தொடரை முன்வைத்து

2019 மே 19 அன்று எச்பிஓ அலைவரிசையில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் 73ஆவது அத்தியாயம் ஒளிபரப்பாகி, எட்டுப் பருவங்கள் நீண்ட அக்கதை நிறைவுற்றது. மறுஒளிபரப்பையும் இணையவழிப் பார்வையையும் சேர்த்து, அன்றிரவு அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 1.93 கோடிப் பேர் அதைக் கண்டனர். இறுதிப் பருவத்தைத் தகுதியுள்ள எழுத்தாளர்களைக் கொண்டு மீண்டும் எடுக்க வேண்டும் எனக் கோரிய இணைய மனுவின் கையெழுத்துகளும் அதே நாள்களில் பத்து லட்சத்தைக் கடந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருது அதே பருவத்துக்குக் கிடைத்தது. கேட்டதெல்லாம் கிடைத்தே பழகிய இணையத் தலைமுறையின் பிடிவாதம் என்று அம்மனுவை எள்ளி ஒதுக்கியோர் பலர். கதையின் முடிவை எதிர்த்து வாசகர் முறையிட்ட வரலாறு இணையத்தைவிட மிகப் பழையது என்பதை அவ்வெள்ளல் மறந்துவிடுகிறது.

சில வேளைகளில் அம்முறையீட்டைப் படைப்பாளரே நிகழ்த்தியிருக்கின்றனர். வால்மீகியின் உத்தரகாண்டத்தில் சீதை நிலத்துள் புகுகிறாள். எட்டாம் நூற்றாண்டில் பவபூதி இயற்றிய 'உத்தரராமசரிதம்' இராமனையும் சீதையையும் மீண்டும் சேர்த்துவைத்து முடிகிறது. மூல காவியத்தின் முடிவை ஏற்காத ஒரு வாசகரே அந்நாடகத்தின் ஆசிரியர் எனலாம்.

ஆங்கில நாடக மேடையில் இதற்கு இணையான நிகழ்வு 1681இல் நடந்தது. நாகும் டேட் என்பவர் ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தைத் திருத்தி எழுதினார். அவருடைய வடிவில் லியர் இறப்பதில்லை. கார்டீலியா எட்கரை மணக்கிறாள். கோமாளிப் பாத்திரமோ இல்லவே இல்லை. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஆங்கில மேடையை ஆண்டது இவ்வடிவமே. 1765இல் ஷேக்ஸ்பியர் பதிப்பை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், கார்டீலியாவின் மரணம் தம்மை உலுக்கியதால், பதிப்பாசிரியராகத் திருத்த நேரும்வரை இறுதிக் காட்சிகளை மீண்டும் படிக்கவே துணியவில்லை என எழுதினார். எட்மண்ட் கீன் 1823இல் துயர முடிவை மேடைக்கு மீட்டார். மாக்ரெடி 1838இல் கோமாளியையும் மீட்டார். அக்காலத்தின் தலைசிறந்த திறனாய்வாளரே ஏற்கத் தயங்கிய முடிவு அது. ஆகவே, முடிவின் மீதான மனத்தாங்கல் பாமர ரசிகருக்கு மட்டும் உரியதன்று.

மூன்றாவது நிகழ்வு இதழியல் சார்ந்தது. 1893 டிசம்பரில் 'ஸ்ட்ராண்ட்' இதழில் ஆர்தர் கோனன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸை ரைகன்பாக் அருவியில் மடியச் செய்தார். ஏறத்தாழ 20,000 சந்தாதாரர்கள் இதழைக் கைவிட்டதாகச் சொல்லப்படுவதுண்டு. 1901இல், ஹோம்ஸின் மறைவுக்கு முந்தைய நிகழ்வாக ஒரு நெடுங்கதையைத் தொடங்கினார் டாயில். 1903இல் ஹோம்ஸை உயிருடனேயே மீட்டுக் கொணர்ந்தார். தொடராக வெளிவரும் கதைக்கும் நூலாக முற்றுப்பெற்று வரும் கதைக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. மாதந்தோறும் காத்திருக்கும் வாசகர் தம்மைக் கதையின் பங்குதாரராகவே கருதத் தொடங்குகிறார்.

இம்மூன்று நிகழ்வுகளிலும் எதிர்ப்புக்கு உள்ளானது துயரம் அல்லது மரணம். 2019இன் எதிர்ப்பு இவ்விடத்தில்தான் வேறுபடுகிறது. நாயகன் என்று எல்லாரும் நம்பிய எட்டார்ட் ஸ்டார்க்கின் தலையை 2011இல் முதற்பருவத்திலேயே இத்தொடர் துண்டித்தது. 2013இல் ஒரு திருமண விருந்தில் அவருடைய மனைவியையும் மூத்த மகனையும் கொன்றது. பார்வையாளர் அதிர்ந்தனர், ஆயினும் தொடரைக் கைவிடவில்லை. செயலுக்கு விளைவு உண்டு, எவர் பிழைத்தாலும் விலை கொடுத்தே பிழைக்க வேண்டும் என்னும் விதியை அம்மரணங்களே அவர்களுக்குக் கற்பித்தன. எனவே, முடிவு கசப்பானது என்பது 2019இன் முதன்மைக் குற்றச்சாட்டாக இருக்கவில்லை. தானே வகுத்த விதியைத் தொடர் மீறிவிட்டது என்பதே குற்றச்சாட்டின் மையம்.

கதைக்கு அளிக்கப்பட்ட காலம் அதற்குச் சான்று கூறும். முதல் ஆறு பருவங்கள் பத்துப் பத்து அத்தியாயங்கள் கொண்டவை. ஏழாவதில் ஏழு, எட்டாவதில் ஆறு. கூடுதல் பருவங்களுக்கு அலைவரிசை இசைந்திருந்தும், பெனியாஃப், வைஸ் என்னும் தயாரிப்பாளர் இருவரும் இவ்வளவே போதும் என முடிவு செய்தனர். மார்ட்டினின் நூல்வரிசை 2011இல் வெளியான ஐந்தாம் நூலோடு நின்றிருந்தது. கதை முடியும் இடங்களை அவர் தயாரிப்பாளர்களுக்குச் சொல்லியிருந்தார். சேருமிடம் தெரிந்திருந்தது, வழி எழுதப்படவில்லை. அடிமைகளை விடுவித்த டெனேரிஸ், சரணடைந்த நகரத்தை எரிக்கும் அளவுக்கு மாறுவதைக் காட்ட இருந்த இடம் சில அத்தியாயங்களே.

மொழியிலும் இவ்விடைவெளி பதிவாகியிருக்கிறது. இத்தொடருக்கென டேவிட் பீட்டர்சன் என்னும் மொழியியலாளர் டோத்ராக்கி, உயர் வலீரியன் ஆகிய மொழிகளை இலக்கண ஒழுங்கோடு உருவாக்கினார். 2017இல் வெளியான ஒரு காட்சியில், 'வாக்களிக்கப்பட்ட இளவரசன்' என்னும் முன்னறிவிப்பை மொழிபெயர்ப்பாளர் மிசாண்டே திருத்துகிறாள்: மூலமொழியில் அப்பெயர்ச்சொல்லுக்குப் பால் வேறுபாடு இல்லை, இளவரசியாகவும் இருக்கலாம். ஓர் இலக்கணக் குறிப்பின் மீது கதையின் எதிர்பார்ப்பு முழுவதும் ஏற்றப்பட்டது. அச்சொல் யாரைச் சுட்டியது என்பதைத் தொடர் இறுதிவரை தெளிவுறுத்தவில்லை.

மறுதரப்பின் வாதமும் வலிமையற்றதன்று. 2014இலேயே டெனேரிஸ் மெரீன் நகரின் அடிமை உடைமையாளர்களைச் சிலுவையில் அறைந்தாள். இறுதி அத்தியாயத்தில் எரிந்த நகரின் நடுவே நின்று, டோத்ராக்கியிலும் வலீரியனிலும் தன் படைகளிடம் விடுதலை பற்றிப் பேசுகிறாள். அந்நகரத்து மக்களின் மொழியில் அவள் பேசவில்லை. விடுதலை என்னும் பழைய சொல் இப்போது படையெடுப்பைக் குறிக்கிறது. விதை தொடக்கத்திலேயே இருந்தது என்போர் இக்காட்சியைத் தம் பக்கச் சான்றாகக் கொள்ளலாம்.

பரதரின் நாட்டிய சாத்திரம் நாடகக் கட்டமைப்பின் ஐந்து சந்திகளில் இறுதியானதை நிர்வஹணம் என்கிறது. முதற்சந்தியில் ஊன்றிய விதை இடையிலுள்ள சந்திகளின் வழியே வளர்ந்து, அங்கே பயனாய்த் திரள வேண்டும். விதையும் இருந்தது, பயனும் வந்தது, நடுவிலுள்ள வளர்ச்சியே காணவில்லை என்பதே அப்பத்து லட்சம் பேரின் முறையீட்டுச் சாரம். மீண்டும் எடுக்கக் கோருவது படைப்பாளரின் உரிமையை மீறுவது. அக்கோரிக்கை ஏற்கப்படாததே முறை. ஆனால் கோரிக்கையை மறுப்பது வேறு, அதனுள் இருந்த திறனாய்வைப் புறக்கணிப்பது வேறு. டேட்டின் திருத்தத்தை மேடை பின்னர் கைவிட்டது. ஜான்சனின் தயக்கத்தையோ இலக்கிய வரலாறு இன்றும் பேணி வருகிறது. அந்த மனுவுக்கும் அத்தகையதோர் இடம் அளிக்கப்பட வேண்டும்.