வடமராட்சியும் பர்மிங்காமும்: ஓர் ஆய்வுத் தெரிவின் வரலாறு

நெல்லியடிச் சந்திக்குக் கரவெட்டி கூப்பிடு தொலைவு, புலோலியும் தொலைவன்று. கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு எங்குச் செல்வது என்ற வினாவுக்கு இவ்வூர்களின் இரு தலைமுறையினர் வேறுபட்ட விடைகளைக் கண்டனர். புலோலியில் பிறந்த க. கணபதிப்பிள்ளை 1935இல் லண்டனில் பட்டம் பெற்றார்; ஏழாம், எட்டாம் நூற்றாண்டுச் சாசனங்களின் மொழியே அவர்தம் ஆய்வுப்பொருள். சு. வித்தியானந்தனும் 1950இல் அங்கேயே பத்துப்பாட்டை ஆராய்ந்தார். கீழைத்தேயக் கல்விக்கெனத் தனி நிறுவனம் லண்டனில் இருந்தமையால் அதுவே இயல்பான வழியாயிற்று.

1932இல் கரவெட்டியில் பிறந்த கா. சிவத்தம்பியும் அவர்தம் நண்பர் க. கைலாசபதியும் பர்மிங்காமுக்குச் சென்றனர். அவர்கள் நாடியது தமிழறிஞர் ஒருவரையன்று. கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனை. கிரேக்கத் துன்பியல் நாடகத்தின் வேர்களைச் சடங்கிலும் சமூக மாற்றத்திலும் கண்டு, 1941இல் நூல் வெளியிட்ட மார்க்சியர் அவர். (விண்ணப்பிக்கும் இன்றைய மாணவர் பலர் ஆசிரியரை விடுத்துப் பல்கலைக்கழகத்தின் பெயரையே முதலில் நோக்குகின்றனர்.) கைலாசபதி 1966இல் தமிழ் வீரநிலைப் பாடல்களைக் கிரேக்கப் பாடல்களோடு ஒப்பிட்டுப் பட்டம் பெற்றார். பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை ஆராய்ந்த சிவத்தம்பி 1970இல் பெற்றார்.

இத்தெரிவால் இழப்பே இல்லை என்பதற்கில்லை. அகப்பாடல்களின் நுண்ணிய திணை மரபை வாய்மொழிப் பாணர் மரபாக மட்டும் விளக்கிவிட இயலுமா என்ற ஐயம் நமக்குண்டு. கிரேக்க அச்சு இங்குச் சற்று இறுக்கமாகவே பொருந்துகின்றது. எனினும் உற்பத்தி முறை பற்றிய வினாவைத் தமிழியலின் நடுவே வைத்தது அவ்வச்சே. திணைக் கோட்பாட்டைச் சமச்சீரற்ற பொருளாதார வளர்ச்சியின் வெளிப்பாடாக விளக்கும் கட்டுரையைச் சிவத்தம்பி 1974இல் வெளியிட்டார். பர்மிங்காம் ஆய்வேடு சென்னையில் நூலாக வருவதற்கு மேலும் ஏழாண்டுகள் சென்றன.