நெகட்டிவ் பெட்டிக்கு ஓர் இரங்கல்

சேலம், நாமக்கல் வட்டாரத்து ஸ்டுடியோக்களில் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருந்த கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் போய்விட்டன. இந்த நாளில் போயின என்று திதி குறிக்க முடியாது. கடையைக் காலி செய்தபோது கொஞ்சம், பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது கொஞ்சம், ஓடு ஒழுகிய மழையில் கொஞ்சம் என்று போனவை அவை. செத்தவரின் பெருமையைச் சொல்லி அழுவதுதான் நம் வழக்கம். நெகட்டிவுக்கு அப்படி அழ யாரும் கூடவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

இந்தப் பக்கத்துக்குக் கேமரா சர்க்காரோடு வந்தது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, ராயக்கோட்டையையும் அன்றைய சேலம் மாவட்டத்தின் வேறு சில இடங்களையும் எடுத்த படங்கள் 1858இல் தொகுப்பாக வெளிவந்தன. அவருக்கு வேண்டியிருந்தவை மலையும் கோட்டையும்தான். அவர் பயன்படுத்திய காகித நெகட்டிவில் உருவம் பதிய வெகுநேரம் ஆகும். நடந்து போகிறவர் அதில் தங்கமாட்டார். இந்த மண்ணின் சனங்கள் படத்தில் நின்றது ஸ்டுடியோக்காரர்கள் வந்த பிறகுதான்.

அவர்களை யாரும் ஆவணப் புகைப்படக்காரர் என்று சொன்னதில்லை. அவர்களும் அப்படி நினைத்துக்கொண்டதில்லை; வந்த ஆர்டரை முடித்துக் கொடுத்தார்கள். ஆனால் அந்த ஆர்டர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். சீர் நடந்த வீட்டில் முகம் ஒரு பக்கமும் பூ ஜடை கண்ணாடியிலுமாகத் தெரிய நிற்கும் பெண். அம்மாப்பேட்டைத் தறிக்காரர் வீட்டுக் கல்யாணம். நாமக்கல்லில் மாலை போட்டுப் பூசை முடித்த புது லாரியின் முன்னால் குடும்பம் முழுவதும். திருச்செங்கோட்டில் ஊரை விட்டுக் கிளம்பும் போர்வெல் வண்டி. கடைசியில், மூங்கில் பாடைக்கு முன்பு நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்த பெரியவர். அப்படி உட்காரவைத்தவர்களில் பலருக்கு அதுதான் முதல் படம். ‘படம் புடிச்சா ஆயுசு கொறையும்’ என்று உயிரோடிருந்தவரை ஒதுங்கியே இருந்தவர்கள். பிறப்பிலிருந்து சாவு வரை ஒரு சமவெளியின் அன்றாட வாழ்க்கையை இவ்வளவு விரிவாகப் பதிந்து வைத்தவர்கள் வேறு யார்?

வீட்டுச் சுவரில் மாட்டிய படங்கள் இருக்கின்றனவே, நெகட்டிவ் எதற்கு என்று கேட்கலாம். பதில் நெகட்டிவின் ஓரத்தில் இருக்கிறது. 120 ரோலில் எடுத்த ஒரு சதுர நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் முதலில் எல்லாம் தலைகீழாகத் தெரியும்: வேட்டி கறுப்பு, தலைமுடி வெள்ளை. கண் பழகியதும் நடுவில் மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்பார்கள். பிரிண்ட் போடும்போது அவர்களை மட்டும் வைத்துக்கொண்டு சுற்றிலும் வெட்டிவிடுவார்கள். நெகட்டிவில் வெட்டியதும் இருக்கும். மாளிகையும் மாடிப்படியும் வரைந்த திரைச்சீலை முடிகிற இடம், அதற்குக் கீழே சிமெண்டு பெயர்ந்த தரை, ஓரமாகக் கழற்றிவிட்ட டயர் செருப்பு, குழந்தை ஆடாமலிருக்கத் திரைக்குப் பின்னாலிருந்து நீளும் ஒரு கை. குடும்பம் தன்னை எப்படிக் காட்ட விரும்பியது என்பதைப் படம் சொல்லும். அன்றைக்கு எப்படி இருந்தது என்பது நெகட்டிவில்தான் மிஞ்சியிருந்தது.

ஒவ்வொரு நெகட்டிவும் தனிக் கவரில் இருக்கும். மேலே எண், பெயர், ஊர். ரசீதில் இருக்கும் எண்ணைச் சொன்னால் பல வருடம் கழித்தும் எடுத்துத் தருவார்கள். “ஏனுங்க, எங்கப்புச்சி தனியா எடுத்த படமே இல்லீங்க, இந்தக் குரூப்புல இருந்து அவரெ மட்டும் பெரிசு பண்ணித் தர முடியுங்களா?” என்று கருமாதிக்கு முன்னால் வந்து நிற்பவர்களுக்காகவே அந்தப் பெட்டிகள் காத்திருந்தன. சிவப்பு பல்பு வெளிச்சத்தில் அந்த ஒற்றை முகத்தைப் பெரிதாக்கி, பென்சிலால் டச்சிங் செய்து, மறுநாள் கொடுப்பார்கள். இருட்டறையில் ஹைப்போ வாடையோடு காலத்தைக் கழித்த அந்த உழைப்புக்கு எந்த விருதும் வந்ததில்லை.

நெகட்டிவைக் கொன்றது எது? முதலில் கலர் வந்தது. ரோலை வெளியூர் லேபுக்கு அனுப்பத் தொடங்கியதும் இருட்டறை சாமான் போடும் அறையாயிற்று. 1960இல் ஊட்டியில் தொடங்கி, ‘இந்து’ என்ற பெயரில் நம் நாட்டிலேயே ஃபிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1990களில் நலிந்து பிறகு மூடப்பட்டது. டிஜிட்டல் வந்தபோது மிச்சமும் முடிந்தது. ஆனால் தொழில் நின்றதால் மட்டும் பெட்டிகள் அழிந்துவிடவில்லை. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் உருவமாக நிற்பது வெள்ளி. வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பு டெவலப்பரில் கறுத்து நிற்க, படாதது ஹைப்போவில் கரைந்து போகும். அந்த வெள்ளிக்காகப் பழைய எக்ஸ்ரேயையும் நெகட்டிவையும் எடைக்கு வாங்குகிறவர்கள் வந்தார்கள். அதற்கும் முந்தைய கண்ணாடி நெகட்டிவ்களைச் சுரண்டிக் கழுவிக் கண்ணாடியாகவே விற்றதும் உண்டு. கொலுசுக்குப் பேர்போன சேலத்தில் வெள்ளியின் விலை எல்லோருக்கும் தெரியும். அதில் தங்கியிருந்த முகங்களுக்கு விலை சொல்லத்தான் ஆளில்லை. சேலத்துச் சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸுக்காவது ஏற்காடு சாலையில் ஒரு நுழைவு வளைவு மிஞ்சியது.

பெட்டி தப்பிப் பிழைத்த ஊரும் உண்டு. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹீபர் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் டிஸ்ஃபார்மர் என்று ஒரு ஸ்டுடியோக்காரர் இருந்தார். பண்ணையாட்களையும் அவர்கள் பிள்ளைகளையும் எடுத்தே வாழ்ந்து 1959இல் இறந்தார். ஸ்டுடியோவில் கிடந்ததையெல்லாம் அதே ஊர்க்காரர் ஒருவர் 5 டாலருக்கு வாங்கினார். அதில் இருந்த சுமார் 3,000 கண்ணாடி நெகட்டிவ்கள் 1970களில் வெளியுலகுக்குத் தெரிந்து புத்தகமாயின. இன்று அருங்காட்சியகங்களில் அவர் படங்கள் இருக்கின்றன. நம்மிடையேயும் வேலை நடந்திருக்கிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கினார்கள். பெரிய காரியம்தான். ஆனால் ஒவ்வொரு ஊரின் பரணையும் வெளியூரிலிருந்து வந்து ஒருவர் தட்டிப் பார்க்க முடியாது.

அதை நாம்தான் செய்ய வேண்டும். ராசிபுரத்திலோ சங்ககிரியிலோ குமாரபாளையத்திலோ உங்கள் அப்பாவோ தாத்தாவோ ஸ்டுடியோ வைத்திருந்தால், பெட்டியைப் பழைய சாமான்காரருக்குப் போடாதீர்கள். நெகட்டிவைத் தண்ணீரில் கழுவாதீர்கள். பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காகித உறையில், ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். ஒரு போனின் வெள்ளைத் திரைமேல் சற்று உயர்த்திப் பிடித்து இன்னொரு போனில் படமெடுத்து, நிறத்தைத் தலைகீழாக்கினால் முகம் தெரிந்துவிடும். அதை ஊர்ப் பெரியவர்களிடம் காட்டிக் கேளுங்கள். அடையாளம் சொல்லக்கூடியவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் சொல்லும் பெயரையும் ஊரையும் அன்றைக்கே உறைமேல் எழுதிவிடுங்கள்.