காரணம் சொல்லல, வேலை கொடுத்தார்

"கடவுள் ஒரு காரணத்தோடதான் இதைச் செஞ்சிருப்பார்."

துக்கம் விசாரிக்கப் போறவங்க வாயில தானா வந்து விழுற வசனம் இது. சொல்றவங்க நல்ல மனசோடதான் சொல்றாங்க. ஆனா கேட்கிறவருக்கு எப்படி இருக்கும்? அடுத்தவர் வலிக்கு அர்த்தம் கண்டுபிடிக்கிறது ரொம்ப சுலபமுங்க!

கிறிஸ்தவத்தில் இந்தப் பேச்சு கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. சித்திரவதைக் கருவியான சிலுவையே அந்த மதத்தின் அடையாளமாச்சே. 'துன்பத்துக்கு ஒரு நோக்கம் உண்டு' என்பது பிரசங்கத்தில் அடிக்கடி கேட்கிற விஷயம். அதை வாழ்க்கையில் உரசிப் பார்த்த ரெண்டு டாக்டர்கள் நம்ம வேலூரில் இருந்தாங்க. அவங்க கதைதான் இது.

முதல் ஆள் பால் பிராண்ட். வெள்ளைக்காரர்தான், ஆனா 1914-ல் பிறந்தது நம்ம கொல்லிமலையில். அப்பா ஜெஸ்ஸியும் அம்மா ஈவ்லினும் அங்கே மிஷனரிகள். 1929-ல் அப்பா மலைக்காய்ச்சலில் இறந்துபோனார். அப்போ மகன் இங்கிலாந்தில் படிச்சிக்கிட்டிருந்த 14 வயசுப் பையன். அந்தப் பையன் அறுவை சிகிச்சை நிபுணராகி, 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வேலைக்கு வந்து சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் தொழுநோய் வந்தால் சதை அழுகித் தானே உதிர்ந்துவிடும் என்றுதான் பொதுவாக நம்பிக்கிட்டிருந்தாங்க. பிராண்ட் நோயாளிகளைப் பக்கத்தில் இருந்து கவனிச்சார். நோய் நரம்பைத் தாக்குது, உணர்ச்சி போயிடுது. அதுக்கப்புறம் விரலைத் தின்றது பெரும்பாலும் நோய் இல்லை, அன்றாட வாழ்க்கை! கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் பிடிப்பாங்க, சுடாது. செருப்பில் ஆணி குத்தியிருக்கும், தெரியாமல் நாள் முழுக்க நடப்பாங்க. ராத்திரி தூக்கத்தில் எலி வந்து விரலைக் கடிச்சாலும் முழிப்பு வராது. இது தெரிய வந்ததும் நோயாளிகள் பூனை வளர்க்க ஏற்பாடு பண்ணினாராம் பிராண்ட்.

இதிலிருந்துதான் அவருடைய புகழ்பெற்ற கருத்து பிறந்தது: வலி என்பது யாரும் கேட்டு வாங்காத ஒரு வரம். 1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிறகு, வலிக்குப் பதிலாக எச்சரிக்கை கொடுக்கிற மின்னணுக் கையுறை செய்து பார்த்தார். சரிப்பட்டு வரலை. எச்சரிக்கை தொந்தரவாக இருந்தால் ஆட்கள் சுவிட்சை அணைச்சிட்டு வேலையைப் பார்த்தாங்களாம்! அணைக்க முடியாததால்தான் வலி நம்மைக் காப்பாத்துது என்று புரிஞ்சுக்கிட்டார்.

சரி, இது உடம்பு வலி. வாழ்க்கையே உடைஞ்சு போற வலிக்கு என்ன பதில்?

இங்கேதான் ரெண்டாவது ஆள் வர்றாங்க. டாக்டர் மேரி வர்கீஸ். 1925-ல் கொச்சிக்குப் பக்கத்தில் செராயியில் பிறந்தவர். வேலூரில் மருத்துவம் படிச்சு, மகப்பேறு மருத்துவராகணும்னு கனவோட இருந்தவர். 1954-ல் நண்பர்களோட உல்லாசப் பயணம் போனபோது வண்டி விபத்து. தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. வயசு முப்பதுகூட ஆகலை.

அன்றைக்கு நம்ம நாட்டில் தண்டுவடம் அடிபட்டவரின் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. உயிர் பிழைச்சாலும் கட்டிலும் படுக்கைப்புண்ணும்தான். மேரிக்கு வேண்டிய அளவு ஆறுதலும் ஜெபமும் கிடைச்சிருக்கும். ஆனா பிராண்ட் வித்தியாசமா ஒண்ணு கேட்டார். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்துக்கிட்டேதானே செய்றோம், நீங்க ஏன் செய்யக் கூடாது?

தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்துற அறுவை சிகிச்சை அது. முன்கையில் நல்லா இருக்கிற ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாத்திக் கட்டுவாங்க. மேரி சக்கர நாற்காலியில் இருந்தபடியே கத்தியைப் பிடிச்சார். செய்தும் காட்டினார்.

இதில் ஒரு விஷயம் கவனிச்சீங்களா? அவர் கால்களுக்கும் அவருடைய நோயாளிகளின் கைகளுக்கும் ஒரே பிரச்சினை, வலி தெரியாது! ஒரே இடத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்தால் நமக்கு உறுத்தும், நகர்ந்து உட்காருவோம். தண்டுவடம் போனவருக்கு உறுத்தாது, புண்ணாகும். உணர்ச்சியில்லாத உடம்பைக் கண்ணால் பார்த்துப் பார்த்துக் காப்பாத்தணும் என்கிற பாடத்தை அந்த நோயாளிகளுக்குச் சொல்ல இவரைவிடத் தகுதியானவர் யார்?

அதோட நிற்கலை. நியூயார்க் போய் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டு வந்து, 1963-ல் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைவரானார். நோயாளிகளைத் தங்க வைத்துச் சிகிச்சை தரும் வசதியோடு இந்தியாவில் அமைந்த முதல் துறை அது. 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் மறைந்தார்.

அப்போ மேரிக்கு விபத்து நடந்தது இதுக்காகத்தானா? அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரலை. ஒரு நிலையம் கட்ட ஒரு பெண்ணின் முதுகெலும்பை உடைக்கிற கடவுளை யாரால் நேசிக்க முடியும்?

யோவான் சுவிசேஷம் 9-ஆம் அதிகாரத்தில் பிறவிக் குருடன் ஒருவன் வர்றான். இவன் குருடனாப் பிறந்தது யார் செய்த பாவம், இவனா, பெத்தவங்களா என்று சீடர்கள் கேட்கிறாங்க. ரெண்டு பேருமே இல்லைன்னுட்டு, கடவுளின் செயல் இவனிடத்தில் வெளிப்படணும்னு சொல்றார் இயேசு. அடுத்து சேறு குழைச்சு அவன் கண்ணில் பூசுறார். விளக்கம் ரெண்டு வரி, மிச்சமெல்லாம் வேலை.

நம்ம தமிழில் 'எதனால்' வேற, 'எதற்காக' வேற. எதனால் என்ற கேள்விக்கு மேரிக்கு எந்த மேடையிலும் பதில் கிடைச்சிருக்காது. எதற்காக என்பதற்கான பதிலை அவர் தன் கையாலேயே உண்டாக்கினார். வலிக்குள்ளே நோக்கம் புதையல் மாதிரி ஒளிஞ்சு கிடக்கலை. மிச்சமிருந்த ரெண்டு கையை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினதுதான் அது. அதுவும் தனியாக இல்லை, 'உங்களால் முடியும், வாங்க' என்று கூப்பிட ஒரு ஆள் இருந்ததால்.

அடுத்த தடவை நொந்து கிடக்கிற ஒருத்தரைப் பார்க்கப் போகும்போது வசனத்தை வீட்டிலேயே விட்டுட்டுப் போகலாம். அவங்களால இன்னும் முடிகிற வேலை என்னன்னு கூட உட்கார்ந்து யோசிக்கலாம்.

நீங்க என்ன நினைக்கிறீங்க?