பிரிஸ்பேன் வராந்தாவும் குழந்தைகளின் மூளையும்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 19ஆம் நூற்றாண்டு வீடுகள் பெரும்பாலும் மரத்தால் ஆனவை. வெப்பத்துக்கும் வெள்ளத்துக்கும் தப்ப, தூண்களின் மேல் உயர்த்திக் கட்டி, முன்புறம் அகலமான வராந்தா விட்டிருப்பார்கள். வெயில் நேரத்தில் குழந்தைகள் விளையாடிய இடம் அதுதான். வராந்தாவின் மரக் கிராதிக்கு வெள்ளை பெயின்ட் அடிப்பது வழக்கம். அந்த வெண்மையைத் தந்தது காரீயக் கார்பனேட்.

1892இல் ஜெஃப்ரிஸ் டர்னர், லாக்ஹார்ட் கிப்சன் உள்ளிட்ட பிரிஸ்பேன் மருத்துவர்கள் குழந்தைகளிடம் காரீய நஞ்சைக் கண்டதாக அறிவித்தனர். வயிற்றுவலி, மணிக்கட்டும் பாதமும் தொங்கிப்போதல், சிலருக்குப் பார்வைக் கோளாறு ஆகியவை அறிகுறிகள். பெயின்டர்களுக்கும் உருக்காலைத் தொழிலாளர்களுக்கும் வரும் நோய் வீட்டுக் குழந்தைக்கு எப்படி வந்தது என்பதுதான் புரியவில்லை.

கண் மருத்துவரான கிப்சன் 1904இல் ஒரு கட்டுரையில் விடை சொன்னார். குயின்ஸ்லாந்து வெயிலில் பெயின்ட் காய்ந்து மாவாக உதிர்கிறது. தொட்டால் கையில் ஒட்டுகிறது. கிராதியோ குழந்தையின் கைக்கும் வாய்க்கும் எட்டும் உயரத்தில் இருக்கிறது. விரல் சூப்பும் குழந்தையும் நகம் கடிக்கும் குழந்தையும் நோயில் விழுவது அதனால்தான் என்றார். சக மருத்துவர்கள் பலர் உடனே ஏற்கவில்லை. ஆனாலும் வாதம் ஓயவில்லை. 1922இல் குழந்தைகளின் கைக்கெட்டும் இடங்களில் காரீய பெயின்ட் அடிப்பதைத் தடுக்கும் சட்டத்தை குயின்ஸ்லாந்து இயற்றியது. வீட்டு பெயின்டில் காரீயத்துக்கு அமெரிக்கா தடை போட்டது 1978இல். கிப்சனின் கட்டுரைக்கும் அந்தத் தடைக்கும் நடுவே 74 ஆண்டுகள். அந்த இடைவெளியில் அமெரிக்கக் காரீய பெயின்ட் நிறுவனமொன்று தன் சரக்குக்குச் சின்னமாக வைத்திருந்தது ஒரு சிறுவனின் படத்தை!

குயின்ஸ்லாந்து மருத்துவர்கள் கவலைப்பட்டது உயிருக்கும் உடலுக்கும்தான். சிறுவயதில் காரீயம் ஏறியவர்கள் வளர்ந்தபின் சிறுநீரகம் கெட்டு இறப்பதை ஜார்விஸ் நை என்பவர் 1929இல் சுட்டிக்காட்டினார். படிப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பிழைத்துக்கொண்ட குழந்தை முழுதும் குணமானது என்பதே பொதுவான எண்ணம்.

அதை உடைத்தது போஸ்டன் நகரில் நடந்த ஓர் ஆய்வு. ராண்டால்ஃப் பையர்ஸ் என்ற மருத்துவரும் எலிசபெத் லார்ட் என்ற உளவியலாளரும், காரீய நோயிலிருந்து தேறி வீடு திரும்பிய 20 குழந்தைகளைப் பள்ளிப் பருவம் வரை பின்தொடர்ந்தனர். 1943இல் வெளியான முடிவு: 19 பேர் பள்ளியில் தடுமாறினர். அவர்களில் பலர் மந்தபுத்தி உள்ளவர்கள் அல்லர். ஆனால் கவனம் நிலைக்கவில்லை, பார்த்த உருவத்தை வரையத் திணறினர், சட்டென்று கோபப்பட்டனர்.

நோய் அறிகுறியே தெரியாத குழந்தைகளின் நிலை என்ன? இந்தக் கேள்விக்கு ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற மருத்துவர் பால்பற்களில் விடை தேடினார். ரத்தத்தில் காரீயம் சில வாரங்களில் குறைந்துவிடும். பல்லிலும் எலும்பிலும் தங்கிவிடும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் செல்சி, சோமர்வில் ஊர்களில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் விழுந்த பல்லைக் கொண்டுவந்து கொடுத்தனர். யார் பல்லில் எவ்வளவு காரீயம் என்பது தெரியாமலே ஆசிரியைகள் படிவம் நிரப்பினர்: எளிதில் கவனம் சிதறுகிறதா? பகற்கனவு காண்கிறதா? சொன்னதை வரிசையாகச் செய்கிறதா? பல்லில் காரீயம் ஏற ஏற, குறை சொன்ன பதில்களும் படிப்படியாக ஏறின. காரீயம் மிகுந்தவர்களுக்கு நுண்ணறிவுச் சோதனையில் சராசரியாகச் சுமார் 4 புள்ளிகள் குறைந்தன. 1979இல் வெளியான இந்த ஆய்வுக்காக நீடில்மேன்மீது பின்னாளில் முறைகேடு புகார் சுமத்தப்பட்டது. விசாரணையில் அது நிலைக்கவில்லை.

காரணம் வேதியியலில் இருக்கிறது. காரீய அயனி கால்சியம் அயனியின் வேடத்தில் உள்ளே நுழையக்கூடியது. விழுங்கிய காரீயத்தில் பெரியவர் உடல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை ஈர்த்தால், சிறுகுழந்தையின் உடல் பாதி வரை ஈர்க்கும். இரும்புச்சத்து குறைந்த குழந்தைக்கு இன்னும் கூடும். முதல் சில ஆண்டுகளில் மூளை தேவைக்கு மேல் நரம்பிணைப்புகளை உண்டாக்கி, பயன்படுபவற்றை வலுப்படுத்தி, மற்றவற்றைக் களைகிறது. எது பயன்படுகிறது என்று தீர்மானிக்கும் சமிக்ஞை கால்சியம் வழியாகவே செல்கிறது. காரீயம் அங்கே இரண்டு கெடுதல் செய்கிறது: தூண்டல் வரும்போது நரம்பணு வெளிவிட வேண்டிய வேதிப்பொருளைக் குறைக்கிறது, தூண்டலே இல்லாதபோது வீணாக வெளிவிடச் செய்கிறது. நினைவு பதியும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் என்எம்டிஏ எனும் ஏற்பியையும் தடுக்கிறது. சிறுவயதில் காரீயம் ஊட்டிய எலிகளில் நரம்பிணைப்பை நீடித்து வலுப்படுத்துவது கடினமாகிறது. களைந்துபோன இணைப்பு காரீயம் விலகிய பிறகு தானே திரும்புவதில்லை.

இவை தெளிவாகத் தெளிவாக, அபாய எல்லை இறங்கிக்கொண்டே வந்தது. 1960களில் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 60 மைக்ரோகிராம் வரை பொறுக்கலாம் என்றிருந்த அமெரிக்கா, 1991இல் 10 என்றும் 2021இல் 3.5 என்றும் குறைத்தது. பாதுகாப்பான அளவு என ஒன்று இல்லை என்பதே இன்றைய நிலைப்பாடு. 1920களில் பெட்ரோலில் புகுந்த காரீயம் இந்தியாவில் 2000இல் நீங்கியது. ஆயினும் சென்னையில் 3 முதல் 7 வயதுள்ள 756 குழந்தைகளைச் சோதித்து 2009இல் வெளியான ஆய்வில் ரத்தக் காரீயத்தின் சராசரி டெசிலிட்டருக்கு 11 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. காரீயம் கூடியவர்களிடம் கவனக்குறைவும் கூடியிருந்தது. வீட்டு பெயின்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

ரத்தத்திலிருந்து காரீயத்தை இறக்க மருந்து உண்டு. அமெரிக்காவில் 1 முதல் 3 வயதுக்குட்பட்ட 780 குழந்தைகளிடம் அதைச் சோதித்தனர். 2001இல் முடிவு வெளியானது: மருந்து தின்றவர்களுக்கு ரத்தக் காரீயம் இறங்கியது, நுண்ணறிவுச் சோதனையில் முன்னேற்றம் இல்லை. 7 வயதில் மீண்டும் சோதித்தபோதும் அதே முடிவுதான் வந்தது.