அபினியும் பழகிய உடலும்

அபினி உண்போன் நாட்செல்லச் செல்ல அளவைக் கூட்டுவது ஏன்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் இதற்குப் பலர் கூறிய விடை ஒழுக்கம் சார்ந்தது: அவன் மனவுறுதியற்றவன். அவ்விடை போதாதென்பதற்கான சான்று அந்நூற்றாண்டிலேயே கிடைத்திருந்தது.

ஆங்கில எழுத்தாளர் தோமஸ் டி குயின்சி 1804இல் முகத்து நோவு தாளாது அபினியை முதன்முதலாக நாடினார். ஒரு காலத்தில் அபினி கலந்த சாராயக் கரைசலை நாளொன்றுக்கு 8000 துளிவரை அருந்தியதாக, 1821இல் வெளிவந்த தம் வரலாற்றில் அவர் எழுதினார். பழகாத ஒருவரைக் கொல்வதற்கு அதிற் சிறு பங்கே போதும். அவரோ 1859வரை வாழ்ந்தார். மனவுறுதியின்மை ஒருவனை மேலும் உண்ணத் தூண்டலாம். கொல்லும் அளவிலிருந்து அவனைக் காத்தல் அதற்கு இயலுமா? மாறியது உடலே.

மோபினை ஊசிவழி செலுத்தினால் வேட்கை பிறவாது என்று நம்பிய மருத்துவரும் இருந்தனர். 1898இல் ஹெரோயின் இருமல் மருந்தாகச் சந்தைக்கு வந்தது. இரண்டும் நோயாளரை முன்னிலும் இறுக்கமாகப் பிணித்தன.

தெளிவு பிறந்தது மிகப் பிந்தியே. மூளை தானே அபினியொத்த பொருள்களைச் சுரக்கின்றது என்பதை அபர்டீனில் ஹியூஸ், கொஸ்டர்லிட்ஸ் ஆகியோர் 1975இல் வெளியிட்டனர். கடும் நெருக்கடியில் நோவு மரத்துப்போவதற்கு ஒரு காரணம் இப்பொருள்களே. அந்நெருக்கடியும் மீண்டும் மீண்டும் நேரின் அதன் ஆற்றல் குன்றுவதையும், மோபினுக்குப் பழகிய எலிகளில் அது முன்போற் பயன் தராமையையும் 1981இல் கலிபோர்னிய ஆய்வாளர் கண்டனர்.

ஏற்பிகளில் நிகழும் மாற்றம் இப்பழக்கத்தின் ஒரு பகுதியே. மறுபகுதியைக் கனடாவின் ஷெப்பேர்ட் சீகல் 1975 முதல் ஆராய்ந்தார். மருந்து வழக்கமாகக் கிடைக்கும் இடத்தை உடல் அறிந்துகொள்கிறது. அவ்விடத்தை அடைந்ததும் மருந்தை எதிர்க்க முன்கூட்டியே ஆயத்தமாகிறது. இடம் மாறின் அவ்வாயத்தம் இல்லை. தம் வழக்கமான அளவையே ஏற்றிக்கொண்டு இறந்துபோன ஹெரோயின் அடிமைகள் சிலரின் மரணத்துக்கு இது விளக்கமாகலாம் என அவர் கருதினார். 1982இல் அவர் குழுவினர் வெளியிட்ட சோதனையில் எலிகளுக்குப் பேரளவு ஹெரோயின் செலுத்தப்பட்டது. முன்பழக்கமற்றவற்றுள் ஏறத்தாழ 96 வீதம் இறந்தன. பழகியவற்றுள், வழக்கமான இடத்திற் பெற்றவை 32 வீதமும், வேறிடத்திற் பெற்றவை 64 வீதமும் மாண்டன.