சுராங்கனிக்குப் பின்னால்

பாசிக்குடாவுக்குப் போன பஸ்ஸில ‘சுராங்கனி’ போட்டாங்கள். அதை வெறும் சுற்றுலாப் பாட்டு எண்டுதான் நினைச்சிருந்தன். பாடின சிலோன் மனோகரைத் தேடப்போக, பைலா வந்தது. பைலாவைத் தேடினால், 1940களில் அதைச் சிங்களத்தில் பரப்பிய வொலி பஸ்டியன். அவருக்கும் முன்னால் கஃப்ரிஞ்ஞா: போர்த்துக்கேயரும் அவர்களோடு வந்த ஆபிரிக்கரும் விட்டுப்போன துள்ளல் ஆட்டம்.

அதை இன்னும் வைத்திருப்பவர்கள் யாரெண்டு பார்த்தால், எங்கட மட்டக்களப்புப் பறங்கியர்! 1628இல் இங்கே கோட்டை கட்டிய போர்த்துக்கேயரை 1638இல் ஒல்லாந்தர் துரத்தினார்கள். கோட்டைதான் கைமாறியது, பேச்சும் வயலினும் கலியாண வீடுகளில் தங்கிவிட்டன. இப்போ அந்தப் போர்த்துக்கேயப் பேச்சு பெரும்பாலும் வயசானவர்களின் வாயில்தான்.

பள்ளிக்கூடத்தில பறங்கிப் பொடியன் ஒருத்தன் பத்து வருசம் என்னோட படிச்சவன். அவன்ட வீட்டுப் பாட்டு என்னெண்டு ஒருநாளும் நான் கேட்டதில்லை.