துப்பாக்கி எழுதிய தீர்ப்பு

முத்துக்குப் புகழ்பெற்ற பாண்டியநாட்டின் கதை ஒன்றைத் தமிழர் மறப்பதில்லை. அரசியின் சிலம்பு காணாமற்போயிற்று. கோவலன் கள்வன் என்றான் பொற்கொல்லன். சிலம்பு அவன் கையிலிருந்தால் கொன்று கொணர்க என்றான் மன்னன். காவலர் சென்றனர், ஐயுற்றனர், தயங்கினர். ஆயினும் ஒருவன் வாள் வீசினான். வழக்கு அதற்குப் பிறகுதான் நடந்தது! கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது, நீதி கிடைத்தது, கோவலன் கிடைக்கவில்லை. விசாரணைக்கு முன்னே தண்டனை விழுந்தால் விளைவது என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

அது காவியம். வரலாறு சொல்வதைக் கேட்போம்.

1906-இல் தூத்துக்குடித் துறைமுகத்தில் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்டார் வ.உ.சிதம்பரனார். 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர், அவர் துணைநின்றார், தொழிலாளர் வென்றனர். ஆளவந்தாருக்கு அது பொறுக்கவில்லை. மார்ச் 12-இல் சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் சிறைப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொதித்தது. கடைகள் மூடின, அரசுக் கட்டிடங்கள் தாக்கப்பட்டன, தீப்பற்றின. விஞ்சு துரையின் ஆட்சியில் போலீசு சுட்டது. நால்வர் மாண்டனர். இன்னார் தீ வைத்தார், இன்னார் வேடிக்கை பார்த்தார் என்று பிரித்தறிய அந்தக் குண்டுகளுக்குக் கண் உண்டா?

சிதம்பரனாருக்கோ வழக்கு நடந்தது. பின்ஹே என்னும் நீதிபதி இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். கொடுந்தீர்ப்பு! ஆனால் அது தாளில் எழுதப்பட்ட தீர்ப்பு. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தார். அந்த நால்வருக்கு மேல்முறையீடு எங்கே?

1911 ஜூன் 17. மணியாச்சி சந்திப்பில் ஆட்சியர் ஆஷைச் சுட்டுக் கொன்று, தன்னையும் சுட்டுக்கொண்டார் வாஞ்சிநாதன். சனாதன தருமத்தைக் காப்பதாக எழுதிய கடிதம் அவர் சட்டைப்பையில் இருந்தது. அந்தத் தருமம் நமக்கு உடன்பாடன்று. அந்த வழியும் உடன்பாடன்று. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சதியில் பங்கு கொண்டதாகப் பதினான்கு பேர் மீது வழக்குத் தொடுத்த வெள்ளை அரசு, அவர்களை வரிசையில் நிறுத்திச் சுடவில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் விசாரித்தனர். நீலகண்ட பிரம்மச்சாரி ஏழாண்டு சிறை பெற்றார். குற்றம் மெய்ப்பிக்கப்படாதோர் விடுதலை பெற்றனர்.

1942 செப்டம்பரில் குலசேகரன்பட்டினம் உப்பளத்தில் லோன் என்ற அதிகாரி கொல்லப்பட்டார். காசிராசன், இராசகோபாலன் இருவருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது குறைக்கப்பட்டது. இருவரும் உயிரோடு வீடு திரும்பினர். பிடித்த இடத்திலேயே சுட்டிருந்தால் குறைப்பதற்கு என்ன மிஞ்சியிருக்கும்?

அயலான் ஆட்சி அறத்தின் ஆட்சி என்று நாம் சொல்லவில்லை. அந்த ஆட்சிகூட, கொலைச் சதிகாரன் என்று தான் கருதியவனைக் கூண்டில் ஏற்றியது. பெயரறியாத கூட்டத்தையோ தெருவில் சுட்டது. அஞ்சத்தக்கவன் என்றவனுக்கு வழக்கறிஞர், ஏழைக்கு ஈயக்குண்டு!

அயலான் போனான். அந்தப் பழக்கம் போயிற்றா?

2018 மே 22. ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். மக்கள் ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தனர். அன்றும் மறுநாளும் போலீசு சுட்டதில் பதின்மூவர் மாண்டனர். சமூக விரோதிகள் புகுந்துவிட்டனர் என்றது அன்றைய அரசு. பெயர் சூட்டுவது எளிது, மெய்ப்பிப்பதன்றோ கடினம்? நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. தேவையின்றிச் சுட்டனர், ஓடியவர்களையும் சுட்டனர் என்று கண்ட அந்த ஆணையம், பதினேழு போலீசார் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. மீண்டும் அதே கதை: குண்டு முன்னே, விசாரணை பின்னே!

"வெடிகுண்டோடு வருபவனிடம் சட்டம் பேசலாமா?" என்று கேட்பவர் உண்டு. கேட்கவேண்டிய கேள்விதான். எதிரி துப்பாக்கி உயர்த்தும்போது தற்காப்புக்குச் சுட, குடிமகனுக்குள்ள உரிமை காவலருக்கும் உண்டு. உயிர் காக்கச் சுடுவது வேறு. தீர்ப்பு வழங்கச் சுடுவது வேறு. முன்னதா, பின்னதா என்று சொல்லவேண்டியவர் சுட்டவரல்லர், நடுநின்று ஆராய்பவர்.

1988 மார்ச்சில் ஜிப்ரால்டரில் ஐரிஷ் குடியரசுப் படையினர் மூவரைப் பிரிட்டிஷ் வீரர்கள் சுட்டுக் கொன்றனர். மூவரும் தாக்குதலுக்குத் திட்டமிட்டவர்களே. ஆனால் சுடப்பட்டபோது கையில் ஆயுதமில்லை; காரில் குண்டுமில்லை. உயிர் வாழும் உரிமை மீறப்பட்டது என்று 1995-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பயங்கரவாதி என்ற சொல் ஆராய்ச்சியை நிறுத்திவிடாது என்பதே அதன் பொருள்.

நம் சட்டமும் அதையே சொல்கிறது. மரணமோ ஆயுள் தண்டனையோ பெறத்தக்க குற்றம் சாட்டப்படாத ஒருவனைக் கைது செய்கையில் உயிரைப் போக்க உரிமையில்லை. அத்தகைய குற்றம் சாட்டப்பட்டவனையும் நினைத்தபோது சுடலாம் என்பதன்று. கைதுக்குத் தேவையான வலிமையே அனுமதி. மும்பையில் 1995 முதல் 1997 வரை நிகழ்ந்த 'மோதல் சாவுகள்' பற்றிய வழக்கில், 2014-இல் உச்சநீதிமன்றம் பதினாறு நெறிகளை வகுத்தது. ஒவ்வொரு சாவுக்கும் தனி அமைப்பு புலனாய்வு செய்யவேண்டும். சுட்டவருக்கு உடனே பரிசும் பதவி உயர்வும் கூடாது.

ஆயினும் 'என்கவுன்ட்டர்' என்றதும் கைதட்டுவோர் நம்மிடையே இருக்கின்றனர். பகுத்தறிவாளர் என்று பெயர் கொண்ட இளைஞர்களிடம் ஒன்று கேட்போம். சாமியாடி சொன்னால் சான்று கேட்கிறோம். சாத்திரம் சொன்னால் சான்று கேட்கிறோம். காவல் நிலையத்துச் செய்திக்குறிப்பு சொன்னால் மட்டும் அது வேதவாக்கோ? இறந்தவன் மறுத்துப் பேசமாட்டான் என்பதாலேயே இருமடங்கு சான்று கேட்கவேண்டாமா?

அடுத்த முறை அத்தகைய செய்தி வரும்போது கேளுங்கள்: யார் சுட்டார்? எவ்வளவு தொலைவில்? குண்டு முன்புறம் பாய்ந்ததா, முதுகில் பாய்ந்ததா? விசாரித்தவர் யார்? அந்த அறிக்கை எங்கே? கேள்விக்கு அஞ்சாத காவலரே மக்களின் காவலர். கேட்க மறந்த மக்களுக்கோ, யார் கள்வன் என்பதைப் பொற்கொல்லர்களே முடிவு செய்வர்.